மாமன் மடியாகப் போன கார் நாற்காலி

1

எனக்கு எழுத வராது. அஞ்சாவது வரைக்கும்தான் படிப்பு. அதிலும் கடைசி வருஷம் பாதி நாள் வெங்காயம் ஆய அம்மாவோடு காட்டுக்குப் போய்விட்டேன். நான் எழுதினால் ஒரு வரி மேலே ஏறும், ஒரு வரி கீழே இறங்கும். நடந்ததில் பாதி மறந்தும் போயிற்று. பரவைப் பள்ளிக்கூடத்து ஆண்டுமலருக்கு, வெளிநாட்டில் இருக்கிற பழைய மாணவர்கள் யாராவது எழுதலாம் என்று கேட்டிருந்தார்களாம். என் மகள் செல்வி அந்தக் காகிதத்தைக் கத்தரித்துத் தபாலில் அனுப்பி, "நம்ம ஊருல வெளிநாட்டுல இருக்குற பழைய மாணவி நீ ஒருத்திதாம்மா" என்று எழுதியிருந்தாள். முன்னது பின்னதாக வந்தால் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மகன் சுந்தரம் என்னை அமெரிக்காவுக்குக் கூட்டி வந்து இந்த மாசியோடு ஆறு வருஷம். இந்த ஆறு வருஷத்தில் நான் துணையில்லாமல் போய் வருகிற இடம் ஒன்றே ஒன்றுதான். அது எங்கள் வாசலில் நிற்கிற தபால் பெட்டி.

போன வாரம் அந்தப் பெட்டிக்குப் போனபோது எதிர்வீட்டுக் குப்பையோடு ஒரு குழந்தை நாற்காலி கிடந்தது. காரில் பிள்ளையை உட்கார வைத்துக் கட்டுகிற நாற்காலி. வாரையெல்லாம் அறுத்துவிட்டு, முதுகில் கறுப்பு மையால் கொட்டை எழுத்தில் ஏதோ எழுதியிருந்தார்கள். பேத்தி மீனாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவளுக்கு ஏழு வயது. இங்கிலீஷ் தண்ணீர் மாதிரி ஓடும். தமிழ் மட்டும் கோடைக் கிணறு மாதிரி நாளுக்கு ஒரு படி இறங்கிக்கொண்டே போகிறது. படித்துப் பார்த்துவிட்டு, "யூஸ் பண்ணாதன்னு போட்டிருக்கு அப்பத்தா. அது ஓல்டு சீட். அது செத்துப்போச்சு" என்றாள்.

அந்த மாதிரிச் செத்துப்போன நாற்காலி ஒன்றை நான் திருடிக் கடல் தாண்டி அனுப்பியிருக்கிறேன். அந்தக் கதையைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

2

முதலில் இந்த நாற்காலி என்னவென்று சொல்லிவிடுகிறேன்.

நான் வந்து இறங்கிய அன்று விமான நிலையத்து வாசலில் சுந்தரம் காரைக் கொண்டுவந்து நிறுத்தினான். நான் பின்னால் ஏறி உட்கார்ந்து, சேலையைச் சரிசெய்து, மடியைத் தயார் செய்துகொண்டு, பேத்தியைக் கொடு என்று கையை நீட்டினேன். அப்போது மீனாவுக்கு ஒன்றரை வயசு. என் மருமகள் கல்யாணி பிள்ளையை என்னிடம் தராமல், பக்கத்தில் இருந்த ஒரு பிளாஸ்டிக் நாற்காலிக்குள் இறக்கினாள். தோளுக்கு ரெண்டு வார், இடுப்புக்கு ரெண்டு, காலுக்கு நடுவே ஒன்று. எல்லாவற்றையும் சேர்த்து டக்கென்று ஒரு பூட்டு. எங்கள் ஊரில் லாடம் அடிக்க மாட்டைச் சாய்த்துக் கட்டுவார்கள், அதற்குக்கூட இத்தனை கயிறு கிடையாது. பிள்ளை அழுதது. மடியில் தூக்கி வைக்கக் கூடாதா என்று கேட்டதற்கு, "மடியில வச்சா போலீஸ் பிடிக்கும் அத்தை" என்றாள்.

மடியில் வைத்தால் போலீஸ் பிடிக்கிற ஊருக்கு வந்திருக்கிறோமே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. நம் பக்கம் ஒரு அம்பாசடரில் பெரியவர்கள் ஏறி, அவர்கள் மடியில் சின்னவர்கள் ஏறி, அந்தச் சின்னவர்கள் மடியில் அவர்களைவிடச் சின்னது ஏறி, கடைசியில் டிரைவர் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் கதவைச் சாத்துவோம்.

3

வந்த மூன்றாம் வாரம் ஒரு நாள் எல்லோரும் கடைக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். சிவப்பு விளக்கு விழுந்து சுந்தரம் நிறுத்தினான். பின்னால் வந்த வேன்காரன் பிரேக் போட்டும், பனியில் டயர் வழுக்கி எங்கள் கார்மேல் வந்து மோதினான். என் மூக்குக்கண்ணாடி எகிறி முன்சீட்டில் கிடந்தது. கல்யாணி மடியில் இருந்த முட்டை அட்டை கூரையில் போய் அடித்துத் தலையெல்லாம் மஞ்சள் கரு. பதறிப்போய் மீனாவைப் பார்த்தால், பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. கையில் இருந்த பிஸ்கட் கூட உடையவில்லை.

அன்றைக்கு நான் மனதுக்குள் அந்த நாற்காலியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தபோது நாற்காலியின் முதுகில் ஒரு கீறல் இருந்தது. தலைமுடி கனம்தான். இன்சூரன்ஸ் ஆபீசில் ஒரு அம்மாள், இனி இதில் பிள்ளையை வைக்கவே கூடாது என்று சுந்தரத்திடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாளாம். ஒரு மோதலைத் தாங்கியதோடு அதன் வேலை முடிந்தது, இன்னொரு மோதல் வந்தால் தாங்காது, வேறு யாரும் எடுத்துப் பயன்படுத்திவிடாமல் வாரை அறுத்துக் குப்பையில் போட்டுவிட்டு, போட்டாயிற்று என்று கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும் என்றாளாம். எனக்கு அது விளங்காமல் இல்லை. மண்சட்டியில் கீறல் விழுந்தால் அடுப்பில் ஏற்றுகிற வரைக்கும் சட்டி நல்ல சட்டிதான். ஏற்றினால்தான் குழம்பு தரைக்கு வரும்.

ஆனால் கல்யாணி கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வந்தபோது என்னால் பார்க்க முடியவில்லை. பிள்ளை கிடந்த தொட்டிலை நாங்கள் அறுக்க மாட்டோம். தொட்டில் சேலை கிழிந்தால்கூட மடித்து வைத்து அடுத்த பிள்ளைக்கு அடியில் விரிப்போம். இதுவோ பிள்ளையைக் காப்பாற்றிய தொட்டில். இதற்கு மஞ்சள் குங்குமம் வைக்க வேண்டியது போக, கத்தரிக்கோல் வைப்பதா?

இதை வாய்விட்டுச் சொல்கிற தைரியம் எனக்குக் கிடையாது. அதனால் கல்யாணி போன் எடுக்கப் போன நேரத்தில் கத்தரிக்கோலை அரிசி டப்பாவுக்குள் புதைத்துவிட்டேன்.

மூன்று நாள் தேடினாள். நானும் கூடச் சேர்ந்து தேடினேன். வெள்ளிக்கிழமை குப்பை வண்டி வருகிற நாள். சுந்தரம் அலுத்துப்போய் நாற்காலியை அறுக்காமலே ஒரு கறுப்புப் பைக்குள் கட்டி வாசலில் வைத்துவிட்டு வேலைக்குப் போனான். நான் பையை அவிழ்த்து, நாற்காலியை எடுத்துக்கொண்டு, கிழிந்த தலையணை ரெண்டையும் ஓட்டை வாளி ஒன்றையும் உள்ளே வைத்துக் கட்டினேன். வண்டிக்காரர்கள் தலையணையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். சாயங்காலம் சுந்தரம் காகிதத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பினான். நாற்காலி கீழ்த்தளத்து அறையில், வீட்டைச் சூடாக்கக் கணகணவென்று கொதிக்கிற கொதிகலனுக்குப் பின்னால், சுந்தரத்தின் பழைய வேட்டியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. என் பிள்ளை பொய்க் கையெழுத்துப் போட்டான் என்பது அவனுக்கே தெரியாது.

4

பங்குனியில் செல்வியிடமிருந்து கடிதம் வந்தது. செல்வியையும் பரவையிலேயேதான் கொடுத்திருக்கிறது. அவளுடைய மூத்தவனுக்கு அப்போது ஒரு வயசு. ஆனியில் அழகர்கோவிலில் முடியிறக்கிக் காது குத்த நாள் பார்த்திருந்தார்கள். எங்களில் முடியிறக்கும்போதும் காது குத்தும்போதும் பிள்ளை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். பிள்ளைக்கு ஒரே தாய்மாமன் சுந்தரம்.

சுந்தரத்துக்கோ அப்போது இந்த ஊரில் நிலையாக இருக்கிற காகிதம் ஆபீசில் நடந்துகொண்டிருந்தது. அது கைக்கு வருவதற்குள் ஊருக்குப் போனால் திரும்பி உள்ளே வருவது நிச்சயமில்லை என்று வக்கீல் சொல்லிவிட்டார். எந்த ஆபீஸ், எந்த ஜன்னல் என்று எனக்குத் தெரியாது. காகிதம் வரவில்லை என்பது மட்டும் தெரியும். "தாய்மாமன் மடியில்லாமப் பிள்ளைய எதுல உக்கார வைக்க, உரல்லயா?" என்று செல்வியின் மாமியார், என் சம்பந்தியம்மா, கேட்டாராம். செல்வி அதை எழுதியிருந்த இடத்தில் மை பரவியிருந்தது. அழுதிருக்கிறாள்.

அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் கீழ்த்தளத்துக்கு இறங்கினேன். சுந்தரம் கையால் வாங்கிய நாற்காலி. சுந்தரத்தின் வேட்டியைக் கட்டியிருந்தது. ரெண்டு கையையும் விரித்துக்கொண்டு, வா வந்து உட்கார் என்கிற மாதிரி இருந்தது. உரலைவிட மேல்தானே என்று தோன்றியது.

ரெண்டு தெரு தள்ளி ஒரு வீட்டுக்குப் பசுமலைக் கல்லூரி வாத்தியார் ஒருவர் மகளைப் பார்க்க வந்திருந்தார். ஊர் திரும்புமுன், சுந்தரமும் கல்யாணியும் இல்லாத ஒரு பகலில் எங்கள் வீட்டுக்குச் சொல்லிக்கொள்ள வந்தவரிடம் வேட்டியோடு சேர்த்து நாற்காலியைக் கொடுத்தேன். பட்டணத்துச் சுங்கத்தில் இது என்ன சாமான் என்று கேட்டதற்கு, "தாய்மாமன் மடி சார்" என்று பதில் சொன்னதாகவும், அந்த அதிகாரிக்கும் தங்கை பிள்ளை இருந்ததால் விட்டுவிட்டதாகவும் பிறகு அவர் எழுதினார்.

கூடவே செல்விக்கு ஒரு கடிதம் வைத்தேன். மாமன் வாங்கியது, மாமன் வேட்டியை விரித்து அதில் பிள்ளையை உட்கார வைக்கவும் என்று எழுதினேன். கீறலைப் பற்றி எழுதவில்லை. மறதியில்லை. வேண்டுமென்றேதான் எழுதவில்லை. சம்பந்தி வீட்டுக்கு உடைந்ததை அனுப்பினாள் என்ற பேச்சு வந்துவிடுமே என்ற வெட்கம். மரத்தடியில் உட்காரத்தானே போகிறது, காரா ஓடப்போகிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

5

ஆனி மாதம், இங்கே வியாழக்கிழமை, செல்வியின் அடுத்த கடிதம் வந்தது. தபால் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்று படித்தேன். நாற்காலியைப் பார்க்கத் தெருவே வந்து போகிறதாம். ஆனி ரெண்டாம் வெள்ளிக்கிழமை விடியற்காலையில் புறப்படுகிறார்களாம், அதாவது மறுநாளே. "உன் மாப்பிள்ளை கார் பேசியிருக்காரு. நாற்காலிய முன்சீட்டுல கட்டி, பிள்ளைய அதுல வச்சு, வெளிநாட்டுல போற மாதிரியே அழகர்கோவிலுக்குக் கொண்டுபோகப் போறாராம்" என்று எழுதியிருந்தாள்.

முன்சீட்டில். கீறல் விழுந்த நாற்காலியில். இங்கே வியாழன் சாயங்காலம் ஆனால் அங்கே வெள்ளி விடிந்துவிடும். கடிதம் எழுத நேரமில்லை. சொன்னால் போனில்தான் சொல்ல வேண்டும், போன் போட வேண்டுமென்றால் சுந்தரத்திடம் சொல்ல வேண்டும்.

அவன் வேலைவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தான். ரசத்தை ஊற்றிவிட்டுச் சொன்னேன்.

"ஒரு தப்புப் பண்ணிட்டேன்யா."

"என்னம்மா, அடுப்ப அணைக்கலியா?"

"அந்த உடைஞ்ச நாற்காலி பரவையில இருக்கு."

அவனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது. நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேனே என்றான். கல்யாணி மட்டும் என்னையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப கத்தரிக்கோலும் நீங்கதானா அத்தை?"

தலையாட்டினேன்.

"எனக்குத்தான் புத்தி பேதலிச்சுப்போச்சுன்னு இம்புட்டு நாளா நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்று சொல்லிவிட்டு அவளே போய்ப் போனை எடுத்தாள்.

செல்வி தெருவில் போன் இருப்பது அரிசி மில்லில் மட்டும்தான். ரெண்டு தடவை வெறும் இரைச்சல். மூன்றாம் தடவை மில் வாட்ச்மேன் எடுத்தார். அமெரிக்காவா, அங்கே இப்போது மணி என்ன, மழை உண்டா, சோறு கிடைக்கிறதா என்று எல்லாம் விசாரித்துவிட்டு, கார் முக்கில் நிற்கிறது, கிளம்பப் போகிறது, செல்வியைக் கூட்டி வாரேன் என்று போனார். சுந்தரம் ரிசீவரை என் கையில் கொடுத்தான். "நீ பண்ணுனத நீயே சொல்லும்மா" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் வலித்தது.

இங்கே ஒரு சங்கதி சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் மாமியார் மாப்பிள்ளையோடு நேருக்கு நேர் பேசுவதில்லை. கதவுக்குப் பின்னால் நின்று, சுவரைப் பார்த்து, சாப்பிட வரச் சொல்லு என்பேன். அவரும் சுவரைப் பார்த்து, வாரேன்னு சொல்லு என்பார். நடுவில் செல்வி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அப்படித்தான். கல்யாணமானதிலிருந்து அவர் குரலை நான் கதவு வழியாகத்தான் கேட்டிருக்கிறேன்.

போனில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். அந்தச் செருமல் எனக்குத் தெரியும். மாப்பிள்ளை. நான் ரிசீவரோடு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"நாற்காலியக் காருல கட்டிப் பிள்ளைய அதுல வைக்க வேணாம்னு மாப்பிள்ளைகிட்டச் சொல்லுங்க."

"நாந்தான் அத்தை பேசுறேன்."

"ஆமா. அவருகிட்டச் சொல்லுங்க."

கொஞ்ச நேரம் கடல் இரைகிற சத்தம் மட்டும் கேட்டது.

"சொல்லிட்டேன். ஏன்னு கேக்குறாரு."

அதற்குமேல் சுவரைப் பார்த்துப் பேச முடியவில்லை. "உடைஞ்சதுங்க மாப்பிள்ளை. முதுகுல கீறல் இருக்கு. இங்க வேன் மோதுனதுல விழுந்தது. காருல வச்சாத் தாங்காது. தெரிஞ்சேதான் அனுப்புனேன். சுந்தரத்துக்குத் தெரியாது, தப்பு என்னுது."

மாப்பிள்ளையிடம் நான் நேராகப் பேசிய முதல் பேச்சு அது. அந்தப் பக்கம் அவர் சிரித்தார்.

"காருல நாற்காலி வைக்க எடம் ஏது அத்தை? பதினாறு பேரு ஏறியாச்சு. செல்வி எறங்கணும்னா ஏழு பேரு எறங்கணும், அதான் நான் வந்தேன். உங்க நாற்காலிய மேல கேரியர்ல, பொங்கல் அண்டாவோட சேத்துக் கட்டியிருக்கு."

"பிள்ளை?"

"எங்கம்மா மடியில."

உயிர் வந்தது. வந்த உயிர் அடுத்த நொடியே போயிற்று. சாலையில் மடி என்ன தாங்கும் என்று இப்போது எனக்குத் தெரியுமே.

"மெதுவாப் போகச் சொல்லுங்க" என்றேன்.

"யாருகிட்ட, மாப்பிள்ளைகிட்டயா?"

"டிரைவர்கிட்ட" என்று நான் சொல்வதற்குள் லைன் போய்விட்டது.

எந்த வண்டியிலும் மறுபடி அதில் பிள்ளையை உட்கார வைக்கக் கூடாது என்பதற்குத்தானே அந்தக் கையெழுத்து, கேரியரில் அண்டாவோடு போவது அதில் சேராது என்று கல்யாணி சொன்னாள். சுந்தரம் அப்போதுதான் சிரித்தான். ரசம் ஆறிப்போயிருந்தது.

6

பதினைந்து நாள் கழித்துப் போட்டோவும் கடிதமும் வந்தன. எல்லோரும் பத்திரமாகப் போய் வந்திருந்தார்கள். போட்டோவில் அழகர்கோவில் மரத்தடி. நாற்காலி கிழக்கே பார்த்து இருக்கிறது. அதன்மேல் சுந்தரத்தின் வேட்டி, சுந்தரம் கல்யாணத்தில் கட்டிய துண்டு. அத்தனை வாரும் பூட்டிப் பேரன் உள்ளே உட்கார்ந்திருக்கிறான். பக்கத்தில் முடியெடுக்கிறவர் கத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். பிள்ளை நெளிய வழியில்லாததால் தலையில் ஒரு கீறல் கூட விழவில்லையாம். காது குத்திய ஆசாரியும் இப்படி அடங்கி உட்கார்ந்த பிள்ளையைப் பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டு, நாற்காலியைத் தனக்குக் கொடுத்துவிட முடியுமா என்று கேட்டாராம். சம்பந்தியம்மா, "மாமன் மடிய எப்பிடிய்யா விட்டுக் குடுக்குறது?" என்றாராம். உரலைச் சொன்னவர் அவர்தான்.

கீறலைப் பற்றி மாப்பிள்ளை அவரிடம் சொல்லியிருக்கிறார். நான் பயந்த பேச்சு வரவில்லை. பிள்ளையைக் காப்பாற்றி விழுந்த கீறல் என்று கேட்டதும், மஞ்சளை அரைத்து அவரே அந்த இடத்தில் பூசிவிட்டாராம். முதுகில் சிவப்புப் பெயிண்டால் "காரில் கட்டக் கூடாது" என்று எழுதியும் வைத்தார்களாம். இன்சூரன்ஸ் அம்மாள் சொன்ன காரியம் கடைசியில் பரவையில்தான் நடந்தது.

அதற்குப் பிறகு நாற்காலி ஊருக்குள் நடமாட ஆரம்பித்துவிட்டது. சிங்கப்பூரில் இருக்கிற மாமன், பட்டாளத்தில் இருக்கிற மாமன், வரப்புத் தகராறில் பேச்சு வார்த்தை இல்லாத மாமன், இந்த வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் அதுதான் மடி. சம்பந்தியம்மா ரெண்டு சட்டம் வைத்திருக்கிறார். அந்தந்தப் பிள்ளையின் மாமன் வேட்டி வந்தால்தான் நாற்காலி போகும். பஸ்ஸிலோ வண்டியிலோ கொண்டுபோகலாம், ஓடுகிற எதிலும் பிள்ளை அதில் உட்காரக் கூடாது.

7

போன வருஷம் சுந்தரத்துக்குக் காகிதம் கைக்கு வந்தது. செல்வியின் இளையவளுக்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள். என் முழங்கால் சரியில்லாததால் அவன் மட்டும் போனான். திரும்பி வந்து சொன்னதை எழுதுகிறேன்.

புது வேட்டி கட்டி, சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியைத் தட்டி, வாடா தங்கம் என்று கூப்பிட்டிருக்கிறான். பிள்ளை வரவில்லை. வீறிட்டு அழுதுகொண்டு நாற்காலியைப் போய்ப் பிடித்துக்கொண்டது. மூத்தவன், அவனுக்கு அப்போது ஆறு வயசு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "இதுதான் மாமா. அது யாரு?" என்று சுந்தரத்தைக் காட்டிக் கேட்டானாம். சபையே சிரித்திருக்கிறது. சுந்தரமும் சிரித்தேன் என்றுதான் சொன்னான். சொல்லும்போது அவன் கை வேட்டி மடிப்பை நீவிக்கொண்டிருந்தது.

நல்ல நேரம் போகிறது என்று ஆசாரி அவசரப்படுத்த, கடைசியில் நாற்காலியைத் தூக்கிச் சுந்தரம் மடியில் வைத்து, அதற்குள் பிள்ளையை வைத்துப் பூட்டிக் காது குத்தினார்கள். நாற்காலியோடு சேர்த்துப் பிள்ளை அவ்வளவு கனம், கால் மரத்துப்போய் எழுந்திருக்க ரெண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது என்றான். பூட்டு அவிழ்த்த பிறகும் பிள்ளை இறங்கவில்லையாம். அவன் விரலைப் பிடித்துக்கொண்டு அங்கேயே தூங்கிவிட்டதாம்.

நான் அவனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன், கீறல் எப்படி இருக்கிறது என்று. "மஞ்சள் அப்பியிருக்கும்மா, ஒண்ணும் தெரியல" என்றான்.

அதனால் இதைப் படிக்கிற பரவைக்காரர்கள் யாராவது எனக்காக ஒரு உதவி செய்ய வேண்டும். காரில் ஏறியது பதினாறு பேரா பதினாலு பேரா என்பதைச் செல்வியிடம் கேட்டு, நான் தப்பாக எழுதியிருந்தால் திருத்திப் போடுங்கள். கீறல் இடது தோளுக்குக் கீழே என்றுதான் எனக்கு ஞாபகம், அதுவும் சரிதானா என்று பாருங்கள். நாற்காலி இப்போது யார் வீட்டில் இருக்கிறதோ அங்கே போய், ஈரத்துணியால் அந்த மஞ்சளைத் துடைத்துவிட்டு, கீறல் தலைமுடி கனத்திலேயே நிற்கிறதா, வளர்ந்திருக்கிறதா என்று ஒரு வரி எழுதிப்போடுங்கள். பார்த்தபிறகு மறுபடி மஞ்சள் பூசிவிடுங்கள்.

போகிற நேரத்தில் அதில் பிள்ளை யாராவது உட்கார்ந்திருந்தால், காது குத்தி முடிகிற வரைக்கும் பொறுத்திருந்து பாருங்கள்.